கேள்வி–பதில்: குரோவில் தஞ்சாவூரைக் காணோம்!

கே: என் மகள் இங்கே பெங்களூரில் கலை வரலாறு படிக்கிறாள். தஞ்சாவூர் ஓவியம் பற்றிக் கட்டுரை எழுத இணையத்தில் 'குரோவ் ஆர்ட்' என்ற ஆங்கிலக் கலை அகராதியைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். கல்லூரியில் திறக்கிறது, தேடினால் ஒன்றும் சிக்கவில்லை. வீட்டிலோ நாலு வரியோடு நின்று சந்தா கேட்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, அல்சூர்

ப: இரண்டும் வேறு வேறு சிக்கல். கல்லூரி கட்டும் சந்தா பொதுவாக வளாக இணைப்புக்குத்தான் செல்லும். வெளியிலிருந்து நுழையத் தனி லாகின் உண்டா என்று நூலகரிடம் கேட்கச் சொல்லுங்கள். கேட்காதவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

தேடலுக்கு வருவோம். குரோவ், 1996இல் 34 தொகுதிகளாக அச்சில் வந்த கலை அகராதி. நம்மூர் விஷயங்கள் பெரும்பாலும் 'இந்தியத் துணைக்கண்டம்' என்ற மிக நீண்ட கட்டுரையின் உட்பிரிவுகளில் புதைந்து கிடக்கின்றன. தலைப்பில் மட்டும் தேடினால் பலவும் வராது. முழு உரையில் தேட வேண்டும்.

அடுத்த தடை எழுத்துக்கூட்டல். தஞ்சாவூரை ஆங்கிலத்தில் 'எச்' சேர்த்தும் சேர்க்காமலும், வெள்ளைக்காரர் எழுதிய 'டேஞ்ஜோர்' என்றும் தேடுங்கள். சோழர் சில ஆய்வு நூல்களில் 'சி-ஓ-எல்-ஏ' ஆகிவிடுகிறார். கூகுளில் அப்படி அடித்தால் குளிர்பானம்தான் வரும்! இந்த மாற்று வடிவங்களைத் திரட்ட, அமெரிக்காவின் கெட்டி (Getty) கலை நிறுவனத்தின் இலவசச் சொற்பட்டியல்கள் உதவும்: கலைச்சொற்கள், கலைஞர் பெயர்கள், இடப்பெயர்கள் என்று தனித்தனியே உண்டு. கிடைக்கும் வடிவங்களை மேற்கோள் குறிக்குள் இட்டு, நடுவே 'அல்லது' என்று பொருள்படும் 'ஆர்' (OR) சேர்த்து ஒரே தேடலாக்குங்கள். அவை சொற்பட்டியல்கள் மட்டுமே. கட்டுரைக்கு ஆதாரமாகக் காட்ட வேண்டாம்.

ஆதாரம் காட்டும்போது ஒரு பொறி இருக்கிறது. பழைய குரோவ் கட்டுரைகளில் 'இணைய வெளியீடு 2003' என்றிருக்கும். அது வலையேற்றிய ஆண்டு. எழுத்து 1996 பதிப்பினுடையது. திருத்தம் நடந்ததா என்று தனியே பாருங்கள். கட்டுரையின் கீழே எழுதியவர் பெயர் இருந்தால் அதைத்தான் குறிக்க வேண்டும், பதிப்பாசிரியரை அல்ல.

சந்தாவே வேண்டாம் என்றால், உங்கள் ஊரிலேயே மேப் அகாடமி (MAP Academy) என்ற கலைக்கல்வி அமைப்பு 2022இல் தொடங்கிய இந்தியக் கலைக் களஞ்சியம் இலவசம். கட்டுரைகளின் இறுதியில் உள்ள நூற்பட்டியலை விட்டுவிடாதீர்கள். இந்தக் களஞ்சியம் குரோவைவிடப் புதியது என்பதால் பலமுறை அந்தப் பட்டியலே கைகொடுக்கும்.

கே: கலைகள் பற்றித் தமிழிலேயே இணையத்தில் பார்க்கக் களஞ்சியம் உண்டா?
– வாசகர், ஸ்ரீராமபுரம்

ப: தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம், பத்துத் தொகுதிகள், 1954–68. தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இலவசம். அகரவரிசையில் அமைந்தது என்பதால் முதலெழுத்தைப் பார்த்துத் தொகுதியைத் திறவுங்கள். 1968க்குப் பிந்தையது எதையும் அதில் தேடாதீர்கள்.