வாசகர் கேட்டவை: அனுமதிச் சீட்டில் எழுதப்பட்ட ஊர்

கேள்வி: ஐயா, என் மகன் கனடாவில் ஓர் உணவகத்தில் சமையல்காரராக, அந்த ஒரே முதலாளிக்கு மட்டும் உரிய பணி அனுமதியில் வேலை செய்கிறான். முதலாளி, வேறு நகரத்தில் உள்ள தமது இன்னொரு கடைக்குப் போகச் சொல்கிறார். முதலாளி ஒருவரே என்பதால் போகலாமா?
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: முதலாளி மாறவில்லை என்பது மட்டும் போதாது. அம்பையில் நடவு முடித்தவரை மறுநாள் ஆற்றுக்கு அக்கரையில் கல்லிடைக்குறிச்சி வயலுக்கு அழைத்துக்கொள்வது போன்றதன்று இது. அத்தகைய அனுமதிச் சீட்டில் முதலாளியின் பெயரோடு, தொழிலும் பல நேரங்களில் பணியிடமும் எழுதப்பட்டிருக்கும். அந்த ஊரைத் தவிர வேறெங்கும் வேலை செய்யக் கூடாது என்ற நிபந்தனை இருந்தால், அதே முதலாளியின் மற்றொரு கிளையும் அந்தத் தடைக்குள் அடங்கும். ஆகவே மகன் முதலில் சீட்டில் பணியிடம் என்ற வரியைப் படிக்கட்டும்.

அங்கே ஒரே ஊர் குறிக்கப்பட்டிருந்தால், புதிய அனுமதி கிடைக்கும்வரை அவர் நகரக் கூடாது. உள்ளூர்த் தொழிலாளர் சந்தையை ஆராய்ந்து அரசு தரும் ஒப்புதலின் பேரில் அவர் சென்றிருந்தால், புதிய இடத்துக்கான ஒப்புதலை முதலாளியே பெற்றுத் தர வேண்டும். வாய்மொழி உறுதியை நம்பி அவர் சென்றுவிடக் கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன். அனுமதியின்றிச் செய்த வேலை, பின்னாளில் அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமைக்கான அனுபவக் கணக்கில் சேராது, நாட்டைவிட்டு வெளியேற்றப்படவும் காரணமாகலாம்.

மகன் போக மறுத்ததற்காக முதலாளி மிரட்டினாலோ கூலியைப் பிடித்தாலோ, கொடுமைக்குள்ளான தொழிலாளருக்கென 2019 ஜூன் முதல் உள்ள, எந்த முதலாளியிடமும் வேலை செய்ய வகைசெய்யும் அனுமதிக்கு, அவர் கனடாவில் இருந்தபடியே விண்ணப்பிக்கலாம்.