ஸ்டாண்டை எத்தனை இடத்தில் வைத்தார்?

கேள்வி: நாகலூர் பக்கம் ஆறு ஏக்கர் காப்பித் தோட்டம். சில்வர் ஓக் நிழல் கூடுதலா, குறைவா என்று தெரிந்துகொள்ள லேசர் ஸ்கேன் எடுக்கச் சொன்னோம். 40,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, ஒரே இடத்தில் ஸ்டாண்டை வைத்து அரை மணியில் முடித்துவிட்டார். தந்தது பென் டிரைவில் ஒரு கலர் வீடியோ. வெயில் எவ்வளவு இறங்குகிறது என்று கேட்டால், “அது வேற பேக்கேஜ்” என்கிறார்.
– ஏற்காடு வாசகர்

பதில்: உங்கள் மேல் தப்பே இல்லை. அந்தக் கருவி சுற்றிலும் லேசர் கதிரை வீசி, அது பட்டுத் திரும்புவதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. முன்னால் ஒரு மரம் மறைத்தால் பின்னால் இருப்பது அதற்குத் தெரியாது. ஆறு ஏக்கருக்கு ஒரே ஸ்டாண்டு என்பது, செவ்வாய்பேட்டை முக்கில் நின்றுகொண்டு எல்லா மண்டியிலும் எத்தனை மூட்டை என்று சொல்கிற கதை. வானம் எத்தனை சதவீதம் தெரிகிறது என்பது மட்டும் போதுமென்றால், வானம் மொத்தத்தையும் ஒரே படத்தில் அடக்கும் மீன்கண் லென்ஸில் அண்ணாந்து பத்திருபது இடத்தில் போட்டோ எடுத்தாலே ஆச்சு. விற்க வந்தவர் அதைச் சொல்வாரா?

கதிர் பட்ட புள்ளிகளெல்லாம் பதிவான மூலக் கோப்பை, அதாவது ‘பாயின்ட் கிளவுட்’டை, எழுத்து மூலம் கேளுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். அப்புறம் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. 2 ஆண்டுக்குள் போக வேண்டும். ‘தோட்டம் வியாபாரம், நீங்கள் நுகர்வோரே இல்லை’ என்று எதிர்த்தரப்பு கிளப்பும். பிழைப்புக்காகச் சொந்த உழைப்பில் தோட்டம் நடத்துகிறீர்கள் என்றால் அது உங்களுக்குச் சாதகம். அதை மனுவிலேயே எழுதிவிடுங்கள். வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள்.

கேள்வி: என் புது ஐபோன் ப்ரோவில் லிடார் (லேசரால் தூரம் அளக்கும் வசதி) இருக்கிறது. மர உச்சியை அளக்கலாமா?
– அஸ்தம்பட்டி

பதில்: ஐந்து மீட்டர்தான் எட்டும். அடிமரச் சுற்றளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: கல்லூரி ஆய்வுக்காக மூன்று பேரிடம் விலை கேட்டோம். ஒருவர் ‘துல்லியம் 2 மில்லிமீட்டர்’ என்று சொல்லி இருமடங்கு கேட்கிறார். அவரிடமே கொடுக்கலாமா?
– சேலம் பேராசிரியை

பதில்: இந்த 2 மில்லிமீட்டரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதே எண் அச்சடித்த பெட்டியில் ஒரு கையடக்க லேசர் அளவி வாங்கினேன், 3,200 ரூபாய். கொல்லையில் தென்னையைக் குறி வைத்தால், வெயிலில் சிவப்புப் புள்ளியே தெரியவில்லை. ஒரு அழுத்தில் 11 மீட்டர், அடுத்த அழுத்தில் 4. நடுவில் ஒரு மட்டை ஆடியிருக்கிறது. இப்போது திரைச்சீலைத் துணி அளக்க உதவுகிறது.

அந்த எண் அசையாத சுவருக்கு. காட்டில் சுவர் ஏது? இலை ஆடும். கதிர் போகப் போக அகலும். பாதி இலை ஓரத்திலும் மீதி பின்கிளையிலும் பட்டால், சில கருவிகள் இரண்டுக்கும் நடுவே வெறும் காற்றில் ஒரு புள்ளியைப் போட்டுவிடும். கீழிருந்து பார்ப்பதால் அடர்ந்த இடத்தில் உச்சியே கண்ணில் படாது, உயரம் குறைந்தே வரும். இதற்கெல்லாம் மில்லிமீட்டர் என்ன செய்யும்? எத்தனை இடத்தில் ஸ்டாண்டு, எவ்வளவு இடைவெளி, ஸ்கேன்களை எப்படி இணைப்பார், இவற்றைக் கேளுங்கள். ஸ்கேன் எடுத்தது நிழல் மரத்தில் கிளை கழிப்பதற்கு முன்பா பின்பா என்பதையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கல்யாண முருங்கையைக் கழித்த மறுநாள் அது வேறு தோட்டம். இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்பவர் மலிவாகக் கேட்டாலும் அவரிடமே கொடுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் செகண்ட் ஹேண்ட் ஸ்கேனருக்குப் பாதிப் பணம் கட்டிவிட்டேன். பில்லும் இல்லை, கருவி சரியாக அளக்கிறது என்று சோதித்துத் தரும் கேலிப்ரேஷன் சான்றும் இல்லை என்கிறார். மீதியைக் கட்டலாமா?
– பெயர் வேண்டாம் என்றவர்

பதில்: கட்டாதீர்கள். பழைய மொபெட் வாங்கினால்கூட ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கிறோம். பாதிப் பணம் போன பிறகா பில் ஞாபகம் வரும்? ஆள் போனை எடுக்கவில்லை என்றால் இன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அழையுங்கள்.

கேள்வி: நவம்பரில் ஏற்காட்டில் ஸ்கேன் எடுக்கலாமா?
– கொண்டலாம்பட்டி

பதில்: மூடுபனி இறங்கினால் கதிர் நீர்த்துளியில் பட்டே திரும்பிவிடும். இலை காய்ந்த, காற்றில்லாத நாளாகப் பாருங்கள். ‘மழை வந்தால் வேறு நாள், கூடுதல் பணம் இல்லை’ என்று முன்பணச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.