ஸ்டக்கோ வீட்டுக்கு மரச்சட்டம்: எந்தப் பணத்தில் செய்வது?

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் 2013-இல் வாங்கிய ஸ்டக்கோ (வெளிச்சுவரில் சிமென்ட் பூச்சு) வீடு எங்களுடையது. முகப்பு மொட்டையாக இருக்கிறது என்று ஜன்னல்களைச் சுற்றியும் கராஜ் கதவுக்கு மேலேயும் சீடர் (தேவதாரு வகை) மரச்சட்டம் வைக்க நினைக்கிறோம். கான்ட்ராக்டர் 18,400 டாலர் கேட்கிறார், பாதி முன்பணமாம். அவசரத்துக்கு வைத்திருக்கும் 22,000 டாலரை எடுக்கவா, வீட்டை ஈடு வைத்து, வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் ஹெலாக் கடன் போடவா, வேலை வழி ஓய்வுக்காலச் சேமிப்பான 401(கே)-யில் கடன் வாங்கவா?

பதில்: கடன் கதை அப்புறம். முதலில் அந்த முன்பணம். உங்கள் மாநிலச் சட்டப்படி வீட்டு வேலைக்கு முன்பணம் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இரண்டில் எது குறைவோ அதுதான். உங்களுக்கு 1,000. அவர் கேட்பது 9,200! இந்த விதி தெரியாதவரா, தெரிந்தே கேட்கிறாரா என்று யோசித்துக்கொண்டிருக்காமல், மாநில உரிம வாரியத்தின் தளத்தில் அவருடைய லைசென்ஸ் எண்ணைப் போட்டுப் பாருங்கள். வேறு இரண்டு பேரிடமும் கொட்டேஷன் வாங்குங்கள்.

அடுத்து, கொட்டேஷனில் ஃபிளாஷிங் என்ற சொல் இருக்கிறதா? மரச்சட்டத்தின் மேல் விளிம்பில் மழைநீரை வெளியே தள்ளும் தகடு அது. ஸ்டக்கோவுக்குப் பின்னால் நீர்த்தடுப்புத் தாள் இருக்கும். ஆணி அதைத் துளைக்கும். வெறும் காக் (இடுக்கை அடைக்கும் பசை) பூசி மூடினால் சில வருடங்களில் அது வெடித்து, தண்ணீர் உள்ளே இறங்கி, சுவரின் மரச்சட்டகம் இற்றுப்போகும். அந்த ரிப்பேருக்கு முன்னால் இந்த 18,400 ஒன்றுமே இல்லை. சுவரில் ஏற்கெனவே விரிசல் இருந்தால் முதல் செலவு அதற்குத்தான். சீடரைச் சில வருடத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள். எனக்கென்றால் ஃபைபர் சிமென்ட் பலகை போதும். கறையான் தொடாது, எளிதில் தீப்பிடிக்காது. எச்.ஓ.ஏ. (குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கம்) இருந்தால் எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு ஆணிகூட அடிக்காதீர்கள்.

சரி, பணம். 22,000-ஐத் தொடாதீர்கள். வேலை போனால் மார்ட்கேஜ் கட்டப்போவது அதுதான், முகப்பு அல்ல. 401(கே) கடனும் வேண்டாம். வேலையை விட்டால், அடுத்த வரித் தாக்கல் கெடுவுக்குள் மீதியைக் கட்டாவிட்டால் அது வரி கட்டவேண்டிய வருமானமாகிவிடும். ஐம்பத்தொன்பதரை வயதுக்குள் என்றால் பெரும்பாலும் 10 சதவீத அபராதம், கலிஃபோர்னியா தன் பங்குக்கு 2.5. ஹெலாக் வட்டிக்கு வரிக்கழிவு உண்டு என்பார்கள். வீட்டை மேம்படுத்தச் செலவழித்தால் உண்டுதான், ஆனால் நீங்கள் ஐட்டமைஸ் செய்தால், அதாவது வரித் தாக்கலில் கழிவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிட்டால் மட்டும். ஒரு அலங்காரத்துக்காக வீட்டை ஈடு வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

தெருவிலிருந்து தெரியும் முகப்பை மட்டும் இந்த வருடம், மாதச் சேமிப்பிலிருந்து செய்யுங்கள். பக்கச் சுவர்களை யாரும் பார்ப்பதில்லை, உங்கள் மாமியார் உட்பட.

பில்களை மட்டும் தொலைக்காதீர்கள். கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால், வீடு விற்ற லாபத்தில் 5 லட்சம் டாலர் வரை வரி இல்லை. ஃப்ரீமான்ட்டில் 2013-இல் வாங்கிய வீட்டுக்கு லாபம் அதைத் தாண்டுவது அதிசயமல்ல. மரச்சட்டச் செலவை வாங்கிய விலையோடு கூட்டிக் காட்டினால் அந்த அளவுக்கு லாபம் குறையும். வெறும் பெயின்ட் அடித்த பில் இதில் சேராது, அது பராமரிப்பு.