பழைய கைத்துப்பாக்கியின் குழலில் நிற்காத பச்சைக்கறை

வணக்கம். பிறரிடமிருந்து வாங்கிய 9 மி.மீ. கைத்துப்பாக்கியின் குழலை எத்தனை முறை துடைத்தாலும் துணியில் நீலப்பச்சைக் கறை வருகிறது என்றும், அது துருவோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். இரும்பின் துரு செம்பழுப்பாக இருக்கும்; நீலப்பச்சை என்பது தோட்டாவின் மேலுறையிலிருந்து குழலில் படிந்த செம்பு, அம்மோனியா கலந்த கரைப்பானில் கரைவதன் அடையாளம். ஆனால் நீங்கள் வெண்கலத் தூரிகை பயன்படுத்துவதாகச் சொல்கிறீர்கள். வெண்கலத்திலும் பெரும்பகுதி செம்பே என்பதால், குழல் சுத்தமான பிறகும் தூரிகையே கரைந்து அதே நிறத்தைக் காட்டி உங்களை ஏமாற்றிக்கொண்டிருக்கலாம். ஆகவே கரைப்பானுக்கு நைலான் தூரிகையை எடுத்துக்கொள்ளுங்கள்.

மேகசினை, அதாவது தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் பெட்டியை, கழற்றி, தோட்டா அறை காலியென்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்த பின்னரே பிரிக்க வேண்டும்; இதை ஒவ்வொரு முறையும் செய்யுங்கள். குழலைத் தனியே எடுத்து, அறைப்பக்கத்திலிருந்து வாய்ப்பக்கமாகத் தூரிகையைச் செலுத்துங்கள், ஏனெனில் குழல்வாயின் விளிம்பு தேய்ந்தால் குறி தவறும். கரைப்பானைக் குப்பியில் குறித்த நேரத்திற்கு மேல் ஊறவிடாதீர்கள். முடிவில் உலரத் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் படலம் பூசுங்கள். சுடுவதற்கு முன் அதையும் துடைத்துவிடுங்கள்.

பிறகு வெளிச்சத்தில் உள்ளே பாருங்கள். சிறு குழிகள் பெரும்பாலும் அழுக்கை அதிகம் பிடித்துவைக்குமே தவிர வேறு தீங்கு செய்வதில்லை. கருவளையம் ஒன்று தெரிந்தால் அது குழல் உள்ளே வீங்கியதன் அறிகுறியாக இருக்கலாம். துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் காட்டும்வரை அதில் சுடவே வேண்டாம்.