வெட்டிய செல் எல்லை விலகும் வேகம் இழுவிசையைச் சொல்லுமா?

கேள்வி: பழ ஈயின் கருவில், பின்னர் உடற்பகுதியாக உருவாகும் ஜெர்ம்பேண்ட் திசு நீளும் கட்டத்தில் செல் எல்லைகளை லேசரால் வெட்டிப் படம் பிடித்தேன். மரபணு மாற்றம் கொண்ட கருக்களில் வெட்டுமுனைகள் விலகும் தொடக்க வேகம் பாதியாக இருக்கிறது. இழுவிசை பாதியாகிவிட்டது என்று எழுதலாமா? காணொளிகளை அனுப்பினால் விசையை நானோநியூட்டனில் கணக்கிட்டுத் தருவதாகக் கட்டணம் வாங்கும் முகவர் ஒருவர் சொல்கிறார்.

பதில்: ஒரு நிபந்தனை நிறைவேறினால் எழுதலாம். முகவருக்கு மட்டும் பணம் கொடுக்காதீர்கள்.

கருவின் மொத்த நீளமே ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். சில மைக்ரோமீட்டர் அகலமுள்ள செல்களின் உலகில் நிலைமத்துக்கு வேலையில்லை. விசை இருக்கும் வரை நகர்வு இருக்கும், விசை தீர்ந்த கணமே நகர்வும் நின்றுவிடும். ஆகவே வெட்டியவுடன் முனைகள் விலகும் வேகம் என்பது, அந்த எல்லையை இழுத்துக்கொண்டிருந்த விசையைச் சுற்றுப்புறத்தின் பாகுத் தடையால் வகுத்தால் கிடைப்பது. கேமராவுக்குத் தெரிவது இந்த ஈவு மட்டுமே. அதை விசை என்றும் தடை என்றும் காணொளியை மட்டும் வைத்து எவராலும் பிரிக்க முடியாது. முகவர் செய்யப்போவது என்னவென்றால், யாரோ வேறொரு திசுவுக்கு மதிப்பிட்ட தடையை எடுத்து உங்கள் வேகத்தோடு பெருக்கித் தருவதுதான். அழகான வரைபடம் வரும், இரண்டு தசம இடங்களும் வரும், ஆனால் அது உங்கள் கருவின் விசையாக இருக்காது. விசையை நேரடியாக அளக்க, லேசர் ஒளியால் பிடித்து இழுக்கும் ஒளிப் பொறி போன்ற தனிக் கருவிகள் வேண்டும். ஒப்பீட்டை மட்டுமே கோரும் ஆய்வேட்டிலும் ‘விசை எத்தனை நியூட்டன்?’ என்று கேட்கும் மதிப்பீட்டாளர்கள் இருக்கும்வரை இத்தகைய முகவர்களின் கடைகள் மூடப்போவதில்லை.

இனி நிபந்தனை. இரு வகைக் கருக்களிலும் தடை மாறாதிருக்க வேண்டும். முனைகள் விலகி ஓயும் வளைகோட்டை முழுவதும் பாருங்கள். சாதாரணக் கருவில் விலகல் 2 மைக்ரோமீட்டரில் ஓய்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாற்றம் கொண்ட கருவில் அதே கால அளவில் 1 மைக்ரோமீட்டரில் ஓய்ந்தால், குறைந்தது இழுவிசை என்பதே இயல்பான விளக்கம். மாறாக, அங்கும் 2 மைக்ரோமீட்டர் வரை போய், இருமடங்கு நேரம் எடுத்துக்கொண்டால், இழுவிசை அப்படியே இருக்கிறது, தடைதான் இருமடங்காகியிருக்கிறது. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் மரபணு, செல்லுக்கு உறுதிதரும் ஆக்டின் புரத இழைகளின் வலையையே பாதிப்பதாக இருந்தால், திசுவின் விறைப்பும் (விலகல் எவ்வளவு தூரத்தில் ஓயும் என்பதைக் கட்டுப்படுத்துவது) தடையும் சேர்ந்தே இருமடங்காகலாம். அப்போதும் வளைகோடு முதல் நிலையைப் போலவே தோன்றும், இழுவிசையோ சற்றும் மாறியிருக்காது. மரபணு, ஆக்டின் இழைகளை இழுத்து இழுவிசையை உண்டாக்கும் மயோசின் புரதத்தை மட்டும் தொடுகிறதா, ஆக்டினையும் தொடுகிறதா என்பதை வளைகோடு சொல்லாது. வேறு சோதனையால்தான் உறுதிசெய்ய வேண்டும்.

நான் அதிகம் காணும் பிழை இவற்றுக்கும் முன்பே நடந்துவிடுகிறது. இந்தத் திசுவில் மயோசின் முதுகு–வயிறு அச்சுக்கு இணையாக ஓடும் எல்லைகளில்தான் செறிகிறது. அவையே சுருங்கி, செல்கள் இடம்மாறி, திசு தலை–வால் திசையில் இருமடங்குக்கும் மேல் நீள்கிறது. எல்லாத் திசை எல்லைகளையும் ஒரே சராசரியில் கொட்டினால், ஒரு வகைக் கருவில் சாய்ந்த எல்லைகளை அதிகம் வெட்டியிருப்பதே ‘பாதி வேகம்’ ஆகிவிடும். கோணத்தைக் குறித்து, தனித்தனியே ஒப்பிடுங்கள்.

லேசரின் ஆற்றல் போதாவிட்டால் எல்லை வெட்டுப்படாமல் அதன் ஒளிர்வு மட்டும் மங்கும். முனைகள் அசையாமல் இருக்க, சற்று நேரத்தில் ஒளிர்வு திரும்ப நிறையும். அதைச் சுழிய இழுவிசை என்று பதிவுசெய்தவர்கள் உண்டு. படங்களுக்கு இடையே பல நொடிகள் விட்டால் தொடக்க வேகம் கைக்கே சிக்காது. 18 டிகிரியில் வளரும் கரு 25 டிகிரியில் வளர்வதைவிட ஏறத்தாழ இருமடங்கு நேரம் எடுப்பதால், முட்டையிட்ட நேரத்தைக் கொண்டு கட்டத்தைப் பொருத்தாமல், திசு நீளத் தொடங்கிய கணத்திலிருந்து நிமிடங்களை எண்ணுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் ‘இழுவிசைக்கும் தடைக்கும் உள்ள விகிதம் பாதியாகியுள்ளது, ஓயும் கால அளவு மாறாததால் இழுவிசை குறைந்திருக்க வாய்ப்பு அதிகம்’ என்று எழுதுங்கள். நியூட்டன் கேட்கும் மதிப்பீட்டாளருக்கும் இதே வாக்கியத்தைப் பதிலாக அனுப்பலாம்.