அம்மாவிடம் எந்த மலையின் பெயரைச் சொன்னீர்கள்?

கேள்வி: சென்னையில் ஐ.டி. கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். வயது 27. கல்லூரி நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஜனவரி கடைசியில், குடியரசு தின விடுமுறையை ஒட்டி, பனிச்சறுக்கு பழகப் போகிறோம். யாருக்கும் முன் அனுபவம் இல்லை. ஆறு நாள் லீவு இருக்கிறது. மூன்று பேர் காஷ்மீரில் குல்மர்க் என்கிறார்கள். ஒருவன் உத்தராகண்டில் ஔலி என்கிறான். எனக்குப் பனிமலையில் ரோப்கார் ஏற வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. எது பாதுகாப்பானது? எங்கே நன்றாகக் கற்றுக்கொள்ளலாம்? பாளையங்கோட்டையில் தனியாக இருக்கும் அம்மாவிடம் மட்டும் மணாலி என்று சொல்லி வைத்திருக்கிறேன், காஷ்மீர் என்றால் பயந்துவிடுவார். நண்பர்களையும் அப்படியே சொல்லச் சொல்லிவிட்டேன், அதனால் அதில் பிரச்னை இல்லை. எந்த இடம் நல்லது, உண்மையிலேயே பாதுகாப்பானது எது என்று மட்டும் சொல்லுங்கள்.
– பெயர் வேண்டாம், சென்னை

பதில்:

எந்த ஊர் என்பதற்குப் பதில் சொல்வது எனக்குக் கஷ்டமில்லை. மார்கழி வந்தால் இந்தக் கேள்வியும் வந்துவிடுகிறது. கீழே சொல்கிறேன். அதற்கு முன்னால், போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன ஒரு வரி இருக்கிறதே, "அதனால் அதில் பிரச்னை இல்லை" என்று, அதைப் பேசியாக வேண்டும்.

ஏம்மா, நான்கு நண்பர்களைக் கூப்பிட்டு, அம்மா கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். அந்த நேரத்தில் பாளையங்கோட்டைக்கு ஒரு போன் பேசி முடித்திருக்கலாம்.

27 வயதுப் பெண் வீட்டில் அனுமதி வாங்கித்தான் வெளியூர் போக வேண்டும் என்று சொல்கிறவள் நான் இல்லை. அனுமதி வேறு, தகவல் வேறு. அம்மா வேண்டாம் என்று சொன்னாலும் நீங்கள் போகலாம். உங்கள் சம்பளம், உங்கள் லீவு. ஆனால் தன் பெண் இன்றைக்கு எந்த மலையில் இருக்கிறாள் என்று பெற்றவளுக்குத் தெரிந்தாக வேண்டும். அதை மறைக்கிற உரிமை எந்த வயதிலும் பிள்ளைகளுக்குக் கிடையாது. இந்த ஒன்றில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

நடக்கப் போவதைச் சொல்கிறேன், கேளுங்கள். உங்கள் சிம் பிரீபெய்டா, போஸ்ட்பெய்டா? வெளிமாநிலத்தில் வாங்கிய பிரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. ஸ்ரீநகரில் விமானம் இறங்கியதும் சிக்னல் போய்விடும். மணாலியில் அப்படிக் கிடையாது, அங்கே எந்த சிம்மும் எடுக்கும். அன்றைக்கு ராத்திரி அம்மா கூப்பிடுவார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வரும். பத்து நிமிடம் கழித்து மறுபடி கூப்பிடுவார். பிறகு உங்கள் தோழியின் எண்ணுக்கு. அதுவும் எடுக்காது. தனியாக இருக்கிற ஒரு பெண்மணி விடிய விடிய போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பயம் வரக்கூடாது என்றுதானே பொய் சொன்னீர்கள்?

ஓட்டலில் வைஃபை இருக்கும், வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்வோம் என்பீர்கள். சரி, பேசுங்கள். அப்போது டி.வி.யில் மணாலி பாதையில் பனி கொட்டி நூற்றுக்கணக்கான வண்டிகள் மாட்டிக்கொண்டன என்று செய்தி ஓடும். அடல் சுரங்கப் பாதைப் பக்கம் குளிர்காலத்தில் இது அடிக்கடி நடப்பதுதான். நீங்கள் இல்லாத ஊரை நினைத்து அம்மா தவிப்பார். அதே டி.வி.யில் குல்மர்கில் பனிச்சரிவு என்று வந்தால், பாவம் யார் பெற்ற பிள்ளையோ என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போவார். இந்த இரண்டாவதை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். புதிதாகச் சறுக்குகிறவர்களுக்கு முழங்கால் திருகுவதும் மணிக்கட்டு உடைவதும் எங்கேயும் நடப்பதுதான். அப்படி ஏதாவது ஆகிவிட்டால் அம்மாவுக்கு போன் செய்யப் போவது யார்? நீங்கள் பாடம் சொல்லிக் கொடுத்த நால்வரில் ஒருவர். அந்தப் பிள்ளை முதலில் "அம்மா, நாங்கள் மணாலியில் இல்லை" என்று ஆரம்பிக்க வேண்டும். அதற்குப் பிறகு அவன் "பயப்பட ஒன்றுமில்லை, காலில்தான் அடி" என்று எத்தனை முறை சொன்னாலும் அம்மா நம்புவாரா? நண்பன் தலையில் இவ்வளவு பெரிய பாரத்தை ஏற்றி வைக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 1989-ல் என் தம்பி, சென்னையில் இன்டர்வியூ என்று சொல்லிவிட்டுக் கூட்டாளிகளோடு கொடைக்கானல் போனான். திரும்பும்போது மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்தது. தோள்பட்டை எலும்பு முறிவு. எங்கள் தெருவில் போன் இருந்தது எதிர்வீட்டு மளிகைக் கடையில் மட்டும்தான். "உங்க பையனுக்கு ஆக்சிடென்ட்" என்ற அளவில் தகவல் வந்து லைன் அறுந்துவிட்டது. பையன் சென்னையில் இருப்பதாகத்தானே எங்களுக்குத் தெரியும்? அப்பா அந்த ராத்திரியே சென்னைக்கு பஸ் ஏறினார். இரண்டு நாள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினார். தம்பி அத்தனை நேரமும் மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தான்.

எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிட்டது. ஆனால் அதற்கப்புறம் அவன் எந்த ஊருக்குக் கிளம்பினாலும், கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகும்கூட, அம்மா வாசல்வரை வந்து "நெசமாவா?" என்று ஒரு வார்த்தை கேட்பார். கோபமெல்லாம் கிடையாது. ஒரே ஒரு வார்த்தை. அம்மா போய்ச் சேர்கிற வரைக்கும் அது நிற்கவில்லை. தம்பிக்கு இப்போது 58 வயது. அந்த வார்த்தையைச் சொன்னால் இன்றும் அவன் கண் கலங்கும்.

உங்கள் அம்மா பயப்படுவார் என்பது உண்மைதான். 2025 ஏப்ரல் 22-ல் பஹல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்றதை அவரும் டி.வி.யில் பார்த்திருப்பார். அது அர்த்தமில்லாத பயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கடிதத்தில் "பாதுகாப்பானது" என்று நீங்களும் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். பயம் அம்மாவுக்கு மட்டும்தானா? உங்களுக்கும் இருக்கிறது. அதை அம்மா பெயரில் எழுதிவிட்டீர்கள். இரண்டு பேருக்கும் ஒரே பயம் என்றால், அதை இரண்டு பேரும் சேர்ந்து பேசுவதுதானே முறை?

இனி ஊர் விஷயம். ஐந்து பேருக்கும் சறுக்கத் தெரியாது, கையில் ஆறு நாள், கிளம்புவது சென்னையிலிருந்து. இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் என் பதில் குல்மர்க்தான். ஸ்ரீநகர் வரை விமானம், அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர். பனி அதிகமாக விழுந்தால் கடைசி 13 கிலோமீட்டர், அதாவது தங்மர்கிலிருந்து மேலே, டயரில் சங்கிலி போட்ட வண்டியில் போக வேண்டியிருக்கும். ஊர் இருக்கும் உயரம் ஏறக்குறைய 2,650 மீட்டர், நம் தொட்டபெட்டா உச்சி அளவுதான். மூச்சு வாங்குமோ என்று பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு ஊரை ஒட்டியே அகலமான, சாய்வு குறைந்த பனிவெளி இருக்கிறது. மத்திய அரசின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனமும் அங்கேயே இருக்கிறது. நாளைக்கு ஒரு பயிற்சியாளர் என்று மாற்றாமல், முதல் நாள் பிடித்தவரையே கடைசி வரை வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் விழுவதும் எழுவதும் மட்டும்தான். மூன்றாம் நாள்தான் பலகை சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பிக்கும். அதனால் அங்கே நான்கு நாளாவது இருங்கள்.

ரோப்கார் ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் இரண்டு கட்டம் உண்டு. முதல் கட்டம் 1998-ல் வந்தது, கொங்தூரி வரை போகும். இரண்டாவது 2005-ல் வந்தது. அது அஃபர்வத் மலைத் தோளில் ஏறக்குறைய 3,950 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் விடும். உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் குல்மர்க் வருவது அந்த மேல்மலையின் பொடிப் பனிக்காகத்தான். உங்களுக்கு அது கிடையாது. மேலே போங்கள், பாருங்கள், அதே ரோப்காரில் இறங்கி வாருங்கள். பலகையைக் காலில் மாட்டிக்கொண்டு அங்கே நிற்கக்கூட வேண்டாம். 2023 பிப்ரவரி 1-ல் போலந்துக்காரர்கள் இரண்டு பேரும், 2024 பிப்ரவரி 22-ல் ரஷ்யர் ஒருவரும் பனிச்சரிவில் இறந்தது அந்த மலையில்தான். சறுக்கத் தெரிந்து வந்தவர்கள் அவர்கள். காற்று பலமாக இருந்தாலோ பனிச்சரிவு அபாயம் இருந்தாலோ மேல் கட்டத்தை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் சண்டை போடாமல் திரும்பி வாருங்கள். டிக்கெட்டை ஆன்லைனில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், குடியரசு தினத்தை ஒட்டிக் கூட்டம் இருக்கும், பாதுகாப்புச் சோதனைகளும் கூடுதலாக இருக்கும்.

பனி இருக்குமா என்றால், டிசம்பர் 21-லிருந்து ஜனவரி கடைசி வரை 40 நாளைக் காஷ்மீரிகள் சில்லை கலான் என்பார்கள், கடுங்குளிர்க் காலம் அது. பெரும்பாலும் அதற்குள் நல்ல பனி விழுந்திருக்கும். ஆனால் 2024 ஜனவரியில் குல்மர்க் வெறும் பழுப்புத் தரையாகக் கிடந்தது. அங்கே நடக்க வேண்டிய தேசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டியையே பிப்ரவரி பிற்பகுதிக்குத் தள்ளிவைத்தார்கள். அடுத்த வருடம் மார்ச்சுக்குப் போனது. லீவை நகர்த்த முடியுமென்றால் பிப்ரவரி முதல், இரண்டாம் வாரம் இன்னும் நல்லது. எப்போது போனாலும் திரும்பும் விமானத்துக்கு முன்னால் ஒரு நாள் சும்மா விட்டு வையுங்கள். ஸ்ரீநகரில் பனி கொட்டினால் விமானம் ரத்தாவது சாதாரணம்.

ஔலி அழகான இடம், நந்தாதேவி எதிரே நிற்கும். ஆனால் ரிஷிகேஷிலிருந்து, ஔலிக்குக் கீழே இருக்கும் ஜோஷிமட் ஊர் வரை 250 கிலோமீட்டர் மலைப்பாதை, போக ஒரு நாள், வர ஒரு நாள். 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் மண் அமிழ்ந்து நூற்றுக்கணக்கான வீடுகளில் விரிசல் விட்டபோது, அங்கிருந்து ஔலிக்கு ஏறும் ரோப்காரையும் நிறுத்தினார்கள். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். பத்து நாள் லீவு கிடைக்கும்போது போகலாம்.

நீங்கள் அம்மாவிடம் சொன்ன ஊரையும் பார்த்துவிடுவோம். மணாலிக்குப் பக்கத்தில் சோலங் பள்ளத்தாக்கு இருக்கிறது, 13 கிலோமீட்டர்தான். ரோப்காரும் உண்டு. டில்லியிலிருந்து ராத்திரி பஸ்ஸில் போக வேண்டும், அதில் இரண்டு நாள் கழிந்துவிடும். சரிவு சின்னது, கூட்டம் அதிகம், ஜனவரியில் பனி ஒரு வாரம் இருக்கும், ஒரு வாரம் இருக்காது. ஆனாலும் முதல் தடவை பலகையில் நிற்கப் பழகுகிறவர்களுக்கு அது போதும். குல்மர்கிலும் உங்களுக்குக் கிடைக்கப் போவது அடிவாரச் சரிவுதான். நீளமும் பனியும் அங்கே மேல், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசத்துக்காகவா பெற்றவளிடம் பொய்?

இந்த ஞாயிற்றுக்கிழமையே பேசுங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது நேரில் சொல்லிக்கொள்கிறேன் என்று தள்ளாதீர்கள், கரும்பும் பானையுமாக இருக்கிற வீட்டில் கடைசி நேரத்தில் போய் அழ வைக்கக் கூடாது. முதலில் மணாலி என்று சொன்னது பொய் என்பதைச் சொல்லுங்கள். அப்புறம் குல்மர்க் என்ற பெயரைச் சொல்லுங்கள். தங்கும் ஓட்டலின் பெயர், அதன் போன் நம்பர், உங்களோடு வருகிற இரண்டு பேரின் நம்பர், எல்லாவற்றையும் அம்மா ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும். சிம்மை போஸ்ட்பெய்டுக்கு மாற்றிவிட்டேன் என்று சொல்லுங்கள், சொல்வதற்கு முன் நிஜமாகவே மாற்றிவிடுங்கள். இன்ஷூரன்ஸ் எடுத்தால் பனிச்சறுக்கு அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், பல பாலிசிகளில் சாகச விளையாட்டு சேராது. அம்மா திட்டுவார், அழுவார். போனை வைத்துவிடாதீர்கள். நாலு நாள் கழித்து அவர் மறுபடி கேட்பார், மறுபடி சொல்லுங்கள். அந்த நால்வரிடமும், அம்மா கூப்பிட்டால் உள்ளதைச் சொல்லலாம் என்று சொல்லிவிடுங்கள்.

இதெல்லாம் முடிகிற வரை ஸ்ரீநகர் டிக்கெட் போடாதீர்கள். பேச முடியவில்லை, வாய் வரவில்லை என்றால் டில்லிக்கு டிக்கெட் போடுங்கள். அங்கிருந்து ராத்திரி பஸ் ஏறி, அம்மாவிடம் சொன்ன ஊருக்கே போய்விட்டு வாருங்கள்.