பதில்: பள்ளியைப் பற்றிக் கேட்டதும் பக்கத்து வீட்டுப் பாட்டி எழுந்து போய்விட்டார்

கனடாவின் வின்னிபெக்கில் பக்கத்து வீட்டுக் கிரீ பழங்குடிப் பாட்டியிடம் உங்கள் மகள் "எந்தப் பள்ளியில் படித்தீர்கள்?" என்று கேட்டதும் அவர் எழுந்து போய்விட்டார், "அதெல்லாம் பழைய கதைதானே" என்று எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவு பழசில்லைங்க. பழங்குடிப் பிள்ளைகளுக்கென்று அரசும் தேவாலயங்களும் நடத்திய உறைவிடப் பள்ளிகளில் கடைசியானவற்றை மூடியதே 1990களின் பிற்பாதியில்தான். ஏறத்தாழ 1,50,000 பழங்குடிக் குழந்தைகளை வீட்டிலிருந்து பிரித்து அங்கே கொண்டுபோனார்கள். தாய்மொழி பேசினால் அடி. அனுப்ப மறுக்கும் பெற்றோரைத் தண்டிக்க 1920இல் சட்டத்தையே திருத்தினார்கள்.

அணைத்துக்கொள்ள ஆளில்லாமல் விடுதியில் வளர்ந்தவர்கள், பிள்ளை வளர்ப்பை யாரைப் பார்த்துக் கற்பார்கள்? அப்புறம் அவர்கள் பெற்ற பிள்ளைகளையும் குழந்தைநலத் துறை எடுத்துக்கொண்டு போனது. வின்னிபெக் இருக்கும் மானிடோபா மாகாணத்தில் இன்றும் அரசுப் பராமரிப்பில் உள்ள குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் பழங்குடியினர். பேரப்பிள்ளைகளை அவரே வளர்க்கிறார் என்றீர்களே, காரணம் என்னவென்று நோண்டாதீர்கள்.

நீளமான மன்னிப்பும் வேண்டாம், அது அவரையே உங்களுக்கு ஆறுதல் சொல்ல வைக்கும். வழக்கம்போலப் பழகுங்கள், அவராகச் சொன்னால் கேளுங்கள். மகளுக்கு நீங்களே விளக்குங்கள். செப்டம்பர் 30 அன்று பள்ளியில் ஆரஞ்சுச் சட்டை போடச் சொல்வது இதற்காகத்தான்: 1973இல் ஃபிலிஸ் வெப்ஸ்டாட் என்ற ஆறு வயதுச் சிறுமிக்குப் பாட்டி வாங்கித் தந்த ஆரஞ்சுச் சட்டையை உறைவிடப் பள்ளியில் முதல் நாளே பிடுங்கிக்கொண்டார்கள். பள்ளியில் அதையொட்டிப் பேட்டி எடுக்கச் சொன்னாலும் இந்தப் பாட்டியிடம் அனுப்பாதீர்கள்.